சின்ன நகரத்துக்கு ஒரு நீதிமன்றம் கீறிய அனுபவம்

கிழக்கு மாகாணத்தில் ஒரு சிறு நகரத்துக்கு நீதிமன்றக் கட்டடம் வடிவமைக்கும் வேலை, வெள்ளவத்தையில் இருக்கிற எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும் ஒரே வளவுக்குள். கையில் தந்த தேவைப் பட்டியலில் நீதிபதியின் அறை, பதிவாளர் அலுவலகம், ஆவண அறை, சட்டத்தரணிகள் அறை என்று எல்லாவற்றுக்கும் சதுர அடிக் கணக்கு இருந்தது. விடியவே வந்து தங்கள் வழக்கைக் கூப்பிடும்வரை நிற்கப்போகிற சனத்துக்குக் கணக்கில்லை. 'நடைபாதை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு வரியோடுதான் கடைசி மட்டும் மல்லுக்கட்டினோம்.

கொழும்பில் இருப்பதில் ஒரு வசதி, நீதிமன்றங்கள் கூடியிருக்கிற புதுக்கடைக்கு நினைத்த நேரம் போய்வரலாம். சீன உதவியோடு கட்டி 1989இல் திறந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தொகுதியின் பெரிய கூரைதான் அங்கே எல்லாருடைய கண்ணிலும் படும். எனக்குத் தேவைப்பட்டது கீழ் நீதிமன்றங்களின் விறாந்தை. மனைவி பிள்ளைகளுக்குச் செலவுப் பணம் கேட்கிற தாபரிப்பு வழக்குகள் எடுக்கிற நாளாகப் பார்த்துப் போய் ஒரு வாங்கில் இருந்தேன். எதிர் வாங்கின் ஒரு முனையில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண். மற்ற முனையில் அவளுடைய கணவனும் அவனோடு வந்த ஆட்களும். உள்ளே பெயர் கூப்பிடுவது வெளியே விளங்கவில்லை. அதனால் அவள் எழும்பி எழும்பிப் போய் வாசலில் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் அந்த ஆட்களின் முழங்கால்களை விலத்திக்கொண்டுதான் போக வேண்டும். பிள்ளை அழுதபோது பால் கொடுக்க ஒரு மறைவு இல்லை. தாபரிப்புச் சட்டம் 1999இல் வந்தது, வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. இரண்டுக்கும் அவளைப் போன்றவர்கள் போக வேண்டியது நீதவான் நீதிமன்றத்துக்குத்தான். உள்ளே கட்டளை கிடைக்கும் மட்டும் அவள் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது, கட்டடம்தான் தீர்மானிக்கும். அன்றைக்கே குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டேன்: ஒன்றையொன்று பார்க்காத இரண்டு காத்திருப்பு இடங்கள், இரண்டு வாசல்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற பதிவாளர் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். கீறத் தொடங்க முன்பே வெறும் காணிப் படத்தோடு அவரிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, நீதிபதியின்ர கதிரையில இருந்து தொடங்காதேங்கோ. சிறைச்சாலை பஸ் எங்க நிக்கும்? அதை முதல்ல கீறுங்கோ."

"ஏன் ஐயா?"

"கைவிலங்கோட இறங்கிறவனைச் சனத்துக்குள்ளால கூட்டிக்கொண்டு போகேலாது. தாய் ஓடிவந்து கட்டிப்பிடிப்பா. எதிர்ப் பகுதி ஆள் கை நீட்டுவான். ரெண்டையும் கண்டிருக்கிறன்."

விளக்கமறியலில் இருப்பவர்களை வழக்கமாக 14 நாட்களுக்கு ஒருமுறை நீதவான் முன் கொண்டுவர வேண்டும். ஆகவே அந்த பஸ் ஓயாமல் வந்துபோகும். உலகம் முழுவதும் நீதிமன்றக் கட்டடங்களுக்கு இதுதான் அடிப்படை விதி: பொதுமக்களுக்கு ஒரு வழி, நீதிபதிக்கும் அலுவலர்களுக்கும் ஒரு வழி, தடுப்பில் உள்ளவர்களுக்கு ஒரு வழி. இந்த மூன்றும் வழக்கு மண்டபத்துக்குள் மட்டுமே சந்திக்க வேண்டும். பெரிய நகரங்களில் இதற்கு மாடி மாடியாக லிஃப்ட் வைப்பார்கள். சின்ன நகரத்தில் லிஃப்ட் ஒருமுறை பழுதானால் திருத்த ஆள் வரும் மட்டும் வழக்கு நிற்கும். அதனால் இரண்டு மண்டபங்களையும் நிலத்திலேயே வைத்து, தடுப்பறைகளை இரண்டுக்கும் நடுவில் போட்டோம். அங்கிருந்து ஒரு கதவு இந்தக் கூண்டுக்கு, ஒரு கதவு அந்தக் கூண்டுக்கு. சிறிய இடங்களில் மாவட்ட நீதிபதியே நீதவானாகவும் இருப்பது வழக்கம், அவர் குற்ற வழக்கை எந்த மண்டபத்திலும் எடுக்கக்கூடும் என்பதால் இரண்டு மண்டபத்துக்கும் கூண்டு வேண்டும் என்றார் ஐயா. பட்டியலில் அது இருக்கவில்லை.

படி ஏற முடியாதவர்களுக்கும் நிலத்தளமே நல்லது. அணுகல் வசதிக்கான 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்குப் பொருந்தும். ஆனால் வாசலில் சாய்தளம் போட்டுவிட்டுச் சாட்சிக் கூண்டுக்குப் படி வைத்தால் என்ன பயன்? சாட்சி சொல்கிற இடத்தைத் தரையோடு தரையாக வைத்துவிட்டு, நீதிபதியின் மேடையை மட்டும் உயர்த்தினோம். நின்று வாதாடும் சட்டத்தரணியின் கண்ணும் இருந்து கேட்கும் நீதிபதியின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும் அளவு உயரம் போதும். அதற்கு மேல் உயர்த்துவது வெறும் பயமுறுத்தல்தான்.

அப்புறம் சத்தம். நீதிமன்ற அமர்வு பகிரங்கமாக நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை சொல்கிறது. கதவு திறந்திருந்தும் பின்வாங்கில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காவிட்டால் அது என்ன பகிரங்கம்? கொங்கிரீட் சுவரும் தரை ஓடும் குரலைத் திருப்பித் திருப்பி அடிக்கும், அதன்மேல் மின்விசிறி இரைச்சல் வேறு. இந்தியாவின் சண்டிகரில் 1955இல் திறந்த உயர் நீதிமன்றத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே எதிரொலியை அடக்கச் சுவர்களில் பென்னம்பெரிய நெசவுத் திரைகளைத் தொங்கவிட்டார். எங்களுக்கு அந்த வசதி இல்லை. பின்சுவரில் துளையிட்ட பலகைகளை அடித்து, உள்ளே பஞ்சு வைத்து, கூரையின் உட்புறத்தைச் சாய்த்தோம். பெயர் கூப்பிடுவதற்கு விறாந்தைகளில் ஒலிபெருக்கியும் போட்டோம். செலவோடு பார்த்தால் இந்தக் கட்டடத்தில் மிகவும் பெறுமதியான சாமான் அந்த ஒலிபெருக்கிதான் என்பது என் எண்ணம்.

2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலை ஏறிய வேகத்தில் எஸ்டிமேட் ஒரு பக்கமாகச் சரிந்தது. வரைபடங்கள் நெடுநாள் தூங்கின. மீண்டும் கூட்டம் கூடியபோது, காத்திருப்பு மண்டபத்தைப் பாதியாக வெட்டி முகப்புக் கண்ணாடியைக் காப்பாற்றலாம் என்று ஒருவர் சொன்னார். நவீன கட்டடம் என்றால் கண்ணாடி வேண்டுமாம். வெயில் கொளுத்தும் ஊரில் மேற்குப் பக்கம் கண்ணாடி போட்டால் பகல் முழுக்க ஏசி ஓட வேண்டும், அந்த மின்கட்டணத்தை வருடாவருடம் யார் கட்டுவது என்று கேட்டோம். அப்புறம் நாங்களே ஒரு வழியும் சொன்னோம்: கண்ணாடியும் வேண்டாம், மூடிய மண்டபமும் வேண்டாம். பழைய கச்சேரிகளில், அதாவது அந்தக் கால அரச அலுவலகங்களில், இருப்பது போல அகலமான ஓட்டு விறாந்தை, நடுவில் முற்றம், முற்றத்தில் மரங்கள். இருக்க வாங்கு, குடிக்கத் தண்ணீர், பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி மலசலகூடம், பால் கொடுக்க ஒரு அறை. கட்டடச் செலவைக் கணக்கிடும் எங்கள் கியூஎஸ் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார். செலவு குறைந்தது, இடம் கூடியது. அந்தக் கூட்டத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை.

காணொளியில் சாட்சியம் கொடுக்கும் அறையும் தப்பியது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இலேயே வேறிடத்திலிருந்து சாட்சியம் சொல்ல வழி வைத்துவிட்டது என்று எடுத்துக் காட்டியதும் யாரும் மறுக்கவில்லை.

கேள்விப்பத்திர வரைபடங்கள் இப்போது கையளிக்கப்பட்டுவிட்டன. ஒன்று மட்டும் தீரவில்லை: சான்றுப்பொருள் முற்றம். மணல் ஏற்றிப் பிடிபட்ட உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் வழக்கு முடியும் மட்டும் நீதிமன்ற வளவில்தான் நிற்கும், மழையில் துருப்பிடிக்கும். விடுதலையானவர் கடைசியில் இரும்புக் குவியலைத்தான் கொண்டுபோவார். அதற்கு ஒரு தகரக் கூரை கேட்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்திலும் கேட்போம்.