தலைவலி டைரி எழுதிய கதை

ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல். மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் பிடரியில் ஆரம்பிக்கும் வலி, மெல்ல ஏறி இரண்டு நெற்றிப்பொட்டிலும் உட்கார்ந்துகொள்ளும். ஈரத்துண்டை முறுக்கித் தலையைச் சுற்றிக் கட்டியது போல இறுக்கம். துடிக்காது, குமட்டாது. வேலை பார்க்கலாம், ஆனால் யார் பேசினாலும் எரிச்சல் வரும்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாமியாருக்கு அது சைனஸ், அம்மாவுக்குப் பித்தம், இவருக்குக் கண்ணாடி பவர். பவர் மாறவில்லை என்று கண் டாக்டர் அனுப்பிவிட்டார். தைலம், சுக்குப் பற்று எல்லாம் ஆனபின் நரம்பியல் மருத்துவரிடம் போனோம்.

ஸ்கேன் எழுதுவார் என்று பணத்தோடு போயிருந்தேன். அவர் கேள்விதான் கேட்டார். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? படி ஏறினால் கூடுமா? வெளிச்சம் கூசுமா? கண்ணில் டார்ச் அடித்து, முழங்காலில் தட்டிப் பார்த்தார். அப்புறம் பின்னால் வந்து நின்று, மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் விரலால் அழுத்தினார். "அம்மா!" என்று கத்திவிட்டேன். தோள்பட்டைத் தசையும் அப்படியே கல்லாக இருந்தது. டென்ஷன் தலைவலி, ஸ்கேன் வேண்டாம் என்றார். சட்டென்று உச்சத்துக்குப் போகும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் தலைவலி, இவை வேறு கதை. தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

காலண்டரில் வலி வந்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போடச் சொன்னார். 20ஆம் தேதியை ஒட்டித்தான் கோடு குவியும் என்று நினைத்தேன். ரிட்டர்ன் வேலையே இல்லாத ஞாயிறுகளிலும் கோடு. கூடவே வட்டம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியை வரவழைக்குமாம். காஃபீன் போன்றவை கலந்த கூட்டு மாத்திரைக்கு 10 நாளே போதும். நான் மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது அந்த ரகம்தான்.

அதை நிறுத்தியதுதான் பெரிய பாடு. முதல் வாரம் வலி முன்பைவிடக் கூடியது. இரவில் போட அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்தார். மன அழுத்தத்துக்கான மாத்திரை என்று இணையத்தில் படித்துவிட்டு இவர் பயந்தார். அடிக்கடி வரும் தலைவலியைத் தடுக்கக் குறைந்த அளவில் கொடுப்பது வழக்கம்தான் என்று டாக்டர் விளக்கினார். வாய் உலர்ந்தது, காலையில் மந்தம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆனது.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது சின்ன விஷயம்: நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் குனியாமல் மோவாயைப் பின்னுக்கு இழுத்துச் சில நொடி நிறுத்த வேண்டும். இரட்டைத் தாடை விழும், பக்கத்து சீட் சிரிக்கும், பரவாயில்லை. பழைய லெட்ஜர்களை அடுக்கி மானிட்டரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினேன். என்னைக் கேட்டால், மாத்திரையைவிட இது இரண்டும்தான் நின்று பலன் தந்தது.

அமிட்ரிப்டிலினை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். 3பி நெருக்கத்தில் இன்னும் எப்போதாவது வலி வரும். வந்தால் வெறும் பாராசிட்டமால், அதுவும் வாரத்தில் இரண்டு நாளைத் தாண்டாமல். காலண்டரில் வட்டம் போடுவதை மட்டும் விடவில்லை.