மேலே இழுக்கணும், கீழே முக்கக் கூடாது

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

என்னிடம் சிகிச்சைக்கு வந்த அக்காவுக்கு 46 வயது, பூ வியாபாரம். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) மூத்தவன் ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை. தும்மினால், குடம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. பதினோரு வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆறு மாதமாக மொபைலைப் பார்த்துக் கீகல் பயிற்சி (சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசையை இறுக்கிப் பழகுவது). பலனில்லை. "ஒழுங்காத்தான் பண்றேன் கண்ணு."

பிப்ரவரி 8, வியாழன்

ஒழுங்காகத்தான் இறுக்குகிறாரா என்று ஸ்கேனில் பார்க்கணும். ஆனால் பிசியோவான நான் ஸ்கேன் மெஷினைத் தொடக் கூடாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம். தேவையான சட்டம்தான், ஆனாலும் ரேடியாலஜி மேடத்துக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்கும்போது எரிச்சல் வரும். சுவரில் இருந்த பலகையைப் படித்து அக்கா சிரித்தார்: "பேத்தியே பொறந்தாச்சு, எனக்கெதுக்கு இது?"

வயிற்றில் ஓட்டும் அதே வளைந்த புரோப்தான். கையுறை மாட்டி, ஜெல் தடவி, பிறப்புறுப்பின் மேல் வெளியே வைத்தால் போதும். திரையில் முன் இடுப்பெலும்பு, சிறுநீர்ப்பை, யோனி, மலக்குடல்; அதற்குப் பின்னால் வெள்ளைத் திட்டாக இடுப்புத்தளத் தசை. உண்மையில் அது எலும்பின் இரு பக்கமும் கட்டிய தூளி.

"இறுக்குங்கக்கா" என்றேன். மூச்சைப் பிடித்தார். சிறுநீர்ப்பையின் கழுத்து கீழே இறங்கியது! ஆறு மாதமாக முக்கிக்கொண்டிருந்திருக்கிறார். வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்தால் இப்படி ஆவது சகஜம்.

மேடம் திரையைத் திருப்பிவைத்தார். "காத்தை அடக்குவீங்கல்ல, அந்த மாதிரி. மூச்சு போய்ட்டு வரட்டும்." நாலாவது தடவை திட்டு முன்னால் நகர்ந்தது. "அட, நான்தான் அதை நகத்தறேனா?"

பிப்ரவரி 9, வெள்ளி

முப்பரிமாணப் படம் வந்தது. வலப்பக்கம் தசை எலும்பிலிருந்து பிய்ந்திருக்கிறது. ஆயுதப் பிரசவத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். உள்ளே நடப்பதால் தையல் போடுகிறவர் கண்ணுக்குப் பெரும்பாலும் படாது. முக்கும்போது தூளியின் திறப்பு 27 சதுர செ.மீ. சிட்னியின் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ் குழு போட்ட கணக்கில் 25-க்கு மேல் போனால் அதிகம். பிய்ந்தது பயிற்சியால் ஒட்டாது. மிச்சத் தசையைப் பலப்படுத்தலாம், அவ்வளவுதான். சொன்னேன். "அவனுக்கு இருபத்தேழு வயசாச்சே" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மார்ச் 21, வியாழன்

திறப்பு அப்படியேதான். ஆனால் இறுக்கச் சொன்னதும் சிறுநீர்ப்பையின் கழுத்து மேலேறுகிறது. கூடையைத் தூக்கும் முன் இறுக்கிக்கொள்கிறாராம். கசிவுக்காக ஒரு நாளில் நாலு துணி மாற்றியவருக்கு இப்போது ஒன்று போதும்.

பக்கத்துக் கடைக்காரம்மாவையும் கூட்டிவந்திருக்கிறார். அவர் உள்ளே வர வெட்கப்பட்டு வாசலிலேயே நிற்க, அக்கா கதவு வழியாகக் கத்துகிறார்: "ஏனுங்க, வெளியேதான் வெப்பாங்க, வாங்க!"