ஒன்பதாம் நாள் காய்ச்சல்

மகளுக்கு ஆறாவது வாரத்தில் போட்ட தடுப்பூசியில் ஆரம்பித்தது. அன்று ராத்திரி 102 டிகிரி காய்ச்சல். தொடை சிவந்து வீங்கி, தொட்டாலே வீறிட்டாள். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் ஊசி போட்ட இடத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி நின்றுவிட்டது. துணி மாற்றும்போதெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பேன். கரைய மூன்று வாரம் ஆனது.

அடுத்த முறை போனபோது, "இது ஏன் டாக்டர் வந்தது?" என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எல்லாக் குழந்தைக்கும் வரும். நெட்டைப் பார்த்துப் பயப்படாதீங்கம்மா." அதுவரை நான் நெட்டில் எதையும் பார்த்திருக்கவில்லை. அன்று ராத்திரிதான் முதன்முதலாகத் தேடினேன்.

தேடினால் கிடைக்காததா? எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசி) போட்டதும் ஆட்டிசம் வந்து பேச்சு நின்றுபோன குழந்தை, ஊசியில் பாதரசம், இன்னும் என்னென்னவோ. ராத்திரி 2 மணிக்கு, மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு படித்தால் எதுவும் உண்மை போலத்தான் இருக்கும். மீதித் தவணைகளை மனசே இல்லாமல் போட்டு முடித்தேன். தட்டம்மை ஊசிக்கு நாள் வந்தபோது குழந்தைக்குச் சளி என்றேன். அப்புறம் பயணம் என்றேன். வேண்டாம் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. "உனக்கும் காய்ச்சல் வந்துச்சு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், போயிடுச்சு" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

மகளுக்கு 16 மாதம் நடக்கும்போது, தெரிந்த வீட்டுக் குழந்தை ஒன்றுக்குத் தட்டம்மை. நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் வைரஸ் 2 மணி நேரம் வரை இருக்கும் என்று படித்தேன். அந்த வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனோம் என்று விரல் விட்டு எண்ணினேன். மூன்று வாரம் முந்தி. வயிற்றில் புளி கரைத்தது.

வேறொரு மருத்துவரிடம் போனேன். கையில் பதினோரு கேள்விகள் எழுதிய தாள். திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். முதலில் அந்தக் கட்டியைப் பற்றிப் பேசினார். அந்த ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதிதான் காய்ச்சலையும் வீக்கத்தையும் அதிகம் தரும், கட்டி சில வாரம் இருந்து தானாகக் கரையும் என்றார். ஒரு வருஷத்துக்கு முன்னால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய பேச்சு.

எம்எம்ஆர் போட்டால் ஆட்டிசம் வரும் என்ற கதை 1998ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2010ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. எழுதிய வேக்ஃபீல்டின் பெயர் அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்து 2019ல் வெளியான ஆய்வில் அந்தத் தொடர்பு இல்லை. பாதரசமா? எம்எம்ஆரில் இருப்பது உயிருள்ள வைரஸ், பாதரசத்தைக் கலந்தால் ஊசி வேலைக்கே ஆகாது என்று சிரித்தார்.

எனக்கு நம்பிக்கை வந்தது அதற்கப்புறம் அவர் சொன்னதில்தான். "இதுக்கும் காய்ச்சல் வரலாம். ஆனா இன்னைக்கு வராது. ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள்ளே வரும். லேசா தடிப்பும் வரலாம். மூவாயிரம், நாலாயிரம் ஊசிக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு வரும். பார்க்கப் பயமா இருக்கும், பெரும்பாலும் பின்விளைவு இருக்காது." தள்ளிப்போட்டதால் அந்த வலிப்பு ஆபத்து குறையவில்லை, இந்த வயதில் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது என்றும் சொன்னார். அது சுருக்கென்று தைத்தது.

ஊசி போட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். முதல் வாரம் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் நெற்றி சுட்டது, 101. முதுகில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். முன்பாக இருந்தால் அழுதிருப்பேன். அன்று நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, பாராசிட்டமாலை அவள் எடைக்கு அளந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டாம் தவணைக்குப் போனபோதும் தாள் கொண்டுபோனேன். ஒரே ஒரு கேள்வி: ஒருமுறை போட்டாயிற்றே, மறுபடி எதற்கு? "முதல் ஊசியில் நூற்றுக்கு ஏழு பேருக்குத் தட்டம்மை எதிர்ப்பு பிடிக்காது. அந்த ஏழில் உங்க பொண்ணு இருக்காளான்னு நமக்குத் தெரியாதே." சரி என்று அவள் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.