180 நானோமீட்டரும் துளி அமோனியாவும்

பாடாங் செராயிலிருந்து கூலிம் ஹைடெக் பார்க்குக்கு ஷிஃப்ட் பஸ் ஏறப்போகும் தம்பி தங்கச்சிகளுக்கு: சிப் தயாரிப்பில் 180 நானோமீட்டர் பழைய தலைமுறைதான், ஆனால் லேசுப்பட்டதில்லை.

சிப் செய்யும் 200 மில்லிமீட்டர் சிலிக்கான் தட்டுதான் வேஃபர். அதைச் சூடாக்கி ஈரம் போக்கி, பூச்சு ஒட்ட உதவும் எச்எம்டிஎஸ் என்ற ரசாயனத்தின் ஆவி காட்ட வேண்டும். இல்லையென்றால் ரெசிஸ்ட், அதாவது ஒளி பட்டால் மாறும் பூச்சு, உரிந்துவிடும். பிறகு வேஃபரைச் சுழற்றி ரெசிஸ்ட் பூச்சு, இளஞ்சூடு, சர்க்யூட் கோடுகளைப் பதிக்கும் 248 நானோமீட்டர் அலைநீள லேசர் ஒளி, மறுசூடு, கடைசியில் 2.38 சதவீத டிஎம்ஏஎச் என்ற டெவலப்பர் கரைசலில் கழுவல்.

வம்பெல்லாம் ஒளிக்கும் மறுசூட்டுக்கும் இடையில்தான். ஒளி பட்ட இடத்தில் அமிலம் பிறக்கும். சூட்டில் அதுதான் ரெசிஸ்ட்டைக் கழுவலில் கரையும்படி மாற்றும். தோட்டத்தில் ரப்பர் பால் உறையாமலிருக்க ஊற்றுவோமே, அதே அமோனியா காற்றில் நூறு கோடிக்குச் சில பங்கு இருந்தாலே மேல்பரப்பு அமிலத்தைத் தின்றுவிடும். மேல்பக்கம் கரையாமல் நின்று, கோடு ஆங்கில 'டி' எழுத்துபோலத் தலை பெருத்துவிடும். இதுதான் டி-டாப்பிங்.

வேடிக்கை என்னவென்றால், எச்எம்டிஎஸ்ஸே அமோனியாவைக் கக்கும். புதுப் பெயிண்டும் ஆகாது. அதனால்தான் காற்றிலிருந்து இவற்றை வடிக்கும் கெமிக்கல் ஃபில்டர். ஒளி காட்டும் ஸ்கேனரும், பூச்சு, சூடு, கழுவல் செய்யும் டிராக்கும் வேஃபர் காத்துக் கிடக்காமலிருக்க ஒட்டியே நிற்கும். மெஷின் நின்று வேஃபர் காத்துக் கிடந்தால் உடனே சொல்லிவிடுங்கள்: ரெசிஸ்ட்டை நீக்கி மறுபடி பூசலாம். எட்ச், அதாவது அந்த வடிவத்தை வேஃபரில் அரித்துச் செதுக்குவது, முடிந்தபின் தெரிந்தால் வேஃபர் குப்பைக்குத்தான்.