மும்பை மழையில் ஓவியர் கையெழுத்திட்ட பிரிண்ட்டைக் காப்பது எப்படி?

பிரேம் கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது, தாளின் ஓரத்தை வெட்டக் கூடாது என்பது. எச்சிங்கோ (உலோகத் தகட்டில் அரித்து அச்சிட்டது) லினோகட்டோ (லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டது), படத்துக்குக் கீழே இடது பக்கம் 12/75 (75 பிரதிகளில் 12ஆவது) என்பதுபோலப் பதிப்பு எண்ணும், வலது பக்கம் பென்சில் கையெழுத்தும் இருக்கும். அந்த வெற்று ஓரமும் பிரிண்ட்டைச் சேர்ந்ததுதான். நறுக்கிவிட்டால் மதிப்பு போய்விடும்.

படத்துக்கு முன்னால் வைக்கும் போர்டான மவுண்ட்டில் ஜன்னல் வெட்டும்போது, எச்சிங் தகடு அழுத்திய தடத்திலிருந்து மேலேயும் பக்கங்களிலும் 1 செ.மீ., கீழே கையெழுத்து முழுதாகத் தெரிய 2.5 செ.மீ. விடுங்கள். 25 × 30 தடத்துக்கு ஜன்னல் 27 × 33.5 வரும். சுற்றுப்பட்டை 7.5, கீழே மட்டும் 9. ஆக வெளியளவு 42 × 50. தாள் இதைவிடப் பெரிதானால் பட்டையைத்தான் அகலமாக்க வேண்டும். போர்டு அமிலமற்றதாக இருக்கட்டும். சாதா போர்டின் வெட்டுமுகம் சில வருடங்களில் பழுப்பேறி, தாளிலும் பழுப்புக் கோடாக இறங்கும்.

ஒட்டுவதில்தான் அதிகம் கெடுகிறது. டபுள் டேப் கறை விடும். ட்ரை மவுண்ட் (சூட்டில் ஒட்டும் படலத்தால் முழுத் தாளையும் ஒட்டுவது) செய்தால் சேதமில்லாமல் பிரிப்பது கடினம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம்; பூச்சி வராது, தாளுக்குத்தான் கேடு. புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சைக் காய்ச்சிய பசையும் ஜப்பானியக் கோசோ தாளும் (ஒருவகை முசுக்கட்டைப் பட்டை நாரில் செய்தது) போதும். கோசோவைக் கத்தரிக்காமல் ஈரக்கோடு போட்டுக் கிழியுங்கள். ஓரம் பஞ்சாகி, முன்பக்கம் தடம் தெரியாது. மேல்விளிம்பில் மட்டும் இரண்டு துண்டு. நாலு பக்கமும் ஒட்டினால் ஜூலை ஈரத்தில் விரிய இடமில்லாமல் தாள் நெளியும். கோசோ பிரிண்ட் தாளைவிட மெலிந்ததாக இருக்கட்டும்: பிரேம் விழுந்தால் கிழிய வேண்டியது அதுதான்.

கண்ணாடி தாளைத் தொடவே கூடாது. உள்ளே ஈரம் கோத்தால் மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரியும். 1.4 மி.மீ. மவுண்ட் ஒன்று இந்த ஊருக்குப் போதாது, இரண்டடுக்கு வையுங்கள். பின்பலகையாக மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப், ஹார்ட்போர்டு வேண்டாம். இரண்டும் அமில ஆவி விடும். உள்ளே நெளிவு வைத்த பாலிபுரொப்பிலீன் ஷீட் நல்லது. சுற்றி டேப் ஒட்டி அடைத்தால் இராமபாணப் பூச்சியும் புகாது.

மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துப் பழைய கட்டடங்களில் சாரல் அடிக்கும் வெளிச்சுவர் ஓதம் ஏறும். உள்சுவரில் மாட்டுங்கள். கீழ் மூலைகளில் 5 மி.மீ. ரப்பர் பொட்டு வைத்தால் பின்னால் காற்று ஓடும். ஆகஸ்டில் ஒருமுறை இறக்கி, பின்புறம் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா பாருங்கள்.