ஒரு பாட்டில் பெட்ரோலும் சித்தப்பாவோட இன்ஜினும்

ஆடிக்காத்து கொஞ்சம் ஓய்ஞ்சதும் சித்தப்பா படகக் கடல்ல எறக்கினாரு, லீவுல ஊர்ல இருந்ததால நானும் கூட ஏறிட்டேன். எங்க ஊரு தூத்துக்குடி மாவட்டத்துல மணப்பாடு பக்கம், எங்களோடது ஃபைபர் படகு, பின்னாடி 9.9 எச்பி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடி தடையெல்லாம் விசைப்படகுக்குத்தான், எங்கள மாதிரி நாட்டுப்படகுக்கு இல்ல, ஆனா காத்து போடுற தடை இருக்கே, அதுக்கு எந்த ஆபீஸ்லயும் மனு குடுக்க முடியாது. ஒரு மாசத்துக்கு மேல போட்டு கரையிலயே கெடந்துச்சு, டேங்க்ல பாதி பெட்ரோலோட.

ரெண்டாவது இழுப்புலயே ஸ்டார்ட் ஆச்சு, சித்தப்பா மொகத்துல அப்படி ஒரு பெருமை. அலையத் தாண்டி போட்டு ஆட ஆரம்பிச்சதும் இன்ஜின் ஒரு தடவ இருமுச்சு, இன்னொரு தடவ இருமுச்சு, நின்னுடுச்சு. டியூப்ல இருக்கிற, பெட்ரோல இன்ஜினுக்குத் தள்ளுற ரப்பர் பல்ப அமுக்கி அமுக்கி கை வலிச்சதுதான் மிச்சம். ஸ்பார்க் பிளக்க கழட்டித் தொடச்சு மாட்டினாரு, அதுவும் ஆகல, போன மாசம் சர்வீஸ் பண்ண மெக்கானிக்க வாய்க்கு வந்தபடி திட்டினாரு, கடைசில பக்கத்து போட்டுக்காரங்க கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாங்க.

கரைக்கு வந்ததும் டேங்க் அடில இருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வெயில்ல வச்சேன். அஞ்சு நிமிஷத்துல நடுவுல கோடு போட்ட மாதிரி ரெண்டா பிரிஞ்சுடுச்சு. மேல ஆயில் கலர்ல பெட்ரோல், கீழ ரெண்டு விரக்கடைக்கு வெள்ளையா தண்ணி மாதிரி. சித்தப்பா மோந்து பாத்துட்டு, “ஏல, இதுல சாராய வாடைல்லா அடிக்கி”ன்னாரு.

அவரு சொன்னது சரிதான், அது எத்தனால். 2023ல இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விட ஆரம்பிச்சாங்க, இப்ப பங்க்ல கெடைக்கிறது பெரும்பாலும் அதுதான். எங்க இன்ஜின் புக்குல 10 சதவீதம் எத்தனால் வரைக்கும்தான் போட்டிருக்கு. எத்தனால் கொஞ்சம் தண்ணிய தன்கூட இழுத்து வச்சுக்கும், அளவு தாண்டினா ரெண்டும் சேந்து பெட்ரோல விட்டு அடில போய் உக்காந்துடும், டேங்க் குழாய் உறிஞ்சுறதும் அடில இருந்துதான். இதுல மோசம் என்னன்னா பெட்ரோல்ல கலக்குற டூ ஸ்ட்ரோக் ஆயில் மேல பெட்ரோல்லயே தங்கிடும், அடித்தண்ணில ஆயிலே இருக்காது, அத உறிஞ்சு ஓடினா பிஸ்டன் வறண்டு பிடிச்சுக்கும். இன்ஜின் நின்னு போனது எங்க நல்ல நேரம்.

தண்ணி எப்படி வந்துச்சுன்னு பாத்தா, டேங்க் மூடி மேல இருக்கிற காத்து திருகு ஒரு மாசமா தொறந்தே இருந்திருக்கு. ஓட்டும்போது தொறக்கணும், கரைல போட்டா இறுக்கி மூடணும். ஈரக்காத்து ஒரு பக்கம், நடுவுல பெய்ஞ்ச ஒரு மழை இன்னொரு பக்கம். அடித்தண்ணிய வடிச்சுட்டு மேல இருக்கிறத ஊத்தலாமேன்னாரு சித்தப்பா, வேண்டாம்னேன், எத்தனால் பிரிஞ்சு போனா ஆக்டேனும், அதாவது இன்ஜின் தட்டாம எரியுற தரமும், கொறஞ்சு போகும். இருபது லிட்டருக்கு மேல இருக்கும், பாவம், வயிறெரிஞ்சு போனாரு.

அப்புறம் ஆயில். பைக்குக்குப் போடுற 2டி ஆயில ஊத்துறவங்க எங்க ஊர்ல நெறைய பேரு. அது காத்துல குளிர்ற இன்ஜினுக்கு, கடல் தண்ணில குளிர்ற இன்ஜினுக்கு டிசி-டபிள்யூ3ன்னு போட்டிருக்கிறதுதான் வாங்கணும். எங்க இன்ஜினுக்கு பெட்ரோல் 50க்கு ஆயில் 1, அதாவது 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி. சித்தப்பா கண்ணளவுலதான் ஊத்துவாரு, இப்ப அளவு டப்பா வாங்கிக் குடுத்திருக்கேன், பயன்படுத்துறாரான்னு கேக்காதீங்க.

மண்ணெண்ணெல ஓட்டுற இன்ஜின்னா வேற தலைவலி. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானப்புறம்தான் மண்ணெண்ணைக்கு மாத்தணும், கரைக்கு வர்றதுக்கு முன்னாடி திரும்ப பெட்ரோலுக்கு மாத்தி கார்புரேட்டர்ல இருக்கிற மண்ணெண்ணெ எரிஞ்சு தீர்ற வரைக்கும் ஓட்டணும். மறந்தீங்கன்னா மறுநாள் விடிகாலைல கயித்த இழுத்து இழுத்து தோள்பட்டை கழண்டுடும்.

டேங்க்க காலி பண்ணி கழுவி காய வச்சு, டியூப்ல தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ஒண்ணு மாட்டி, கார்புரேட்டர தொறந்து தொடச்சோம், புது பெட்ரோல் ஊத்தி நல்ல தண்ணி ட்ரம்ல ஓட விட்டோம், இன்ஜின குளிர வைக்கிற தண்ணிய நல்லா வெளிய துப்புச்சு. இப்ப கடலுக்குப் போறதுக்கு முன்னாடி சித்தப்பா கேன்ல இருந்து ஒரு பாட்டில் பிடிச்சு சூரியனுக்கு நேரா தூக்கிப் பாக்குறாராம், சித்தி போன்ல சொல்லி சிரிக்குது. மெக்கானிக் அண்ணன்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கல, ரெண்டு பாறை மீன் குடுத்து விட்டிருக்காரு.