அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதற்கு ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் டிசம்பரிலிருந்து பணம் நின்றுவிடும். எங்களுக்குக் கொடுத்த பிறகும் நின்றது.

நவம்பர் முதல் வாரமே தெருமுனைக் கணினிக் கடைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். ரேகை விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள், துணியால் துடைத்து மறுபடி வைத்தார்கள். ஐம்பது வருஷம் புளி கரைத்துப் பாத்திரம் தேய்த்த விரல்களில் கருவிக்கு என்ன கிடைக்கும்? 2014-இல் ஜீவன் பிரமாண் என்ற மத்திய அரசின் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் வந்தபோது ரேகையையும் கருவிழியையும்தான் நம்பியிருந்தார்கள். முகத்தை வைத்துப் பதியும் வசதி 2021 நவம்பரில்தான் வந்தது. கடைத் தம்பி அதை எடுத்தார், முகம் பதிந்தது. சான்றிதழுக்கான பிரமாண் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்ததும் நிம்மதியாக வீடு திரும்பினோம்.

டிசம்பர் கடைசியில் பணம் வரவில்லை. வங்கிக்குப் போனோம்.

“லைஃப் சர்டிபிகேட் தரலைன்னு காட்டுது சார்” என்றார் கவுன்டரில் இருந்த பெண். எஸ்எம்எஸ்ஸைக் காட்டினேன். “எங்க சிஸ்டத்துல வரலையே.” அம்மா அவருக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். “நான்தாம்மா அது, இதோ இருக்கேன்ல” என்றார். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி திரையையே பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரைத் திட்டியும் பயனில்லை. நிராகரிப்பு என்று ஒரு சொல் மட்டும் திரையில் இருந்தது, காரணம் இல்லை. கேட்கலாம் என்றால் அவருக்கும் ஆள் இல்லை. வங்கியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சுற்றிவிட்டு, கிளையை அணுகவும் என்றது குரல். அந்தக் கிளையில் நின்றுகொண்டுதான் அதைக் கேட்டேன். மனுஷியிடம் பேசினால் கணினியைக் காட்டுகிறார், கணினியிடம் கேட்டால் மனுஷியிடம் போகச் சொல்கிறது. மூன்று நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் ராத்திரி பிரமாண் எண்ணைப் போட்டுச் சான்றிதழைத் தரவிறக்கி வரிவரியாகப் படித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஓய்வூதிய வகை என்ற இடத்தில் குடும்ப ஓய்வூதியம் என்று இருப்பதற்குப் பதிலாகப் பணி ஓய்வூதியம் என்று இருந்தது. அம்மா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று கடையில் பதிந்துவிட்டார்கள். ஒரு கணினி அதை அப்படியே ஏற்று எண் கொடுத்தது, இன்னொரு கணினி பேசாமல் தள்ளிவிட்டது. ‘வகை பொருந்தவில்லை’ என்று ஒரு வரி வந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

மறுநாள் வீட்டிலேயே என் போனில் புதிதாகப் பதிந்தோம். முதலில் பதிவு செய்கிறவர் தன் ஆதாரையும் முகத்தையும் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் ஓய்வூதியர். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் முகம் இருட்டாகி எடுக்காது. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அம்மா மூடினால் மூடியபடியே இருந்துவிடுவார். நாலாவது தடவை விழுந்தது. நடுவில் மறுமணம் செய்துகொண்டீர்களா என்று ஒரு கேள்வி. 74 வயதில் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை, இல்லை என்று நானே குறித்துவிட்டேன்.

இதோடு விடவில்லை. காகிதப் படிவத்தையும் நிரப்பி எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். “இப்ப எல்லாம் டிஜிட்டல்தான்” என்றார்கள். அது சரியல்ல. நேரில் வருபவரிடம் காகிதச் சான்றிதழையும் வாங்க வேண்டும், வாங்கியதற்குக் கையெழுத்திட்ட ஒப்புகையும் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையிலேயே அந்த ஒப்புகை இருக்கிறது. அச்செடுத்து வைத்திருந்ததை மேலாளர் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். அம்மாவிடம் பெயரைக் கேட்டார், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார், முத்திரை போட்டுக் கொடுத்தார். ஐந்து நிமிஷம்தான். அந்த ஐந்து நிமிஷம், ஒரு மனுஷர் தன் கண்ணால் பார்த்ததை நம்பினார். முதல் நாளே எனக்கு வேண்டியிருந்தது அதுதான். நடக்க முடியாதவர்கள் என்றால் தபால்காரரையே வீட்டுக்கு வரவழைக்கலாம், கட்டணம் 70 ரூபாய். ஆனால் வகையைச் சரியாகப் போடுகிறார்களா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.

ஜனவரி முடிவில் இரண்டு மாதப் பணமும் சேர்ந்து வந்தது.

அன்று சாயங்காலமே கணினிக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. பிரமாண் எண்களை எழுதிவைத்திருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் இன்னும் இரண்டு அம்மாக்களுக்கும் அதே தவறு. இருவருக்கும் அங்கேயே போன் போட்டோம். ஒருவருக்கு மகன் ஏற்கெனவே சரிசெய்துவிட்டாராம். இன்னொருவர், பணம் நின்றதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். மறுநாள் காலை, வெயில் ஏறும் முன்பே, போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.